சாலையின் மஞ்சள் பக்கம்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கொழும்புப் பக்கம் வத்தளையில் ஒரு வீடு பார்த்திருப்பதாகவும், நிர்மலாவுக்கும் பிடித்துவிட்டதாகவும், கல்யாணத்துக்கு முன்பே அட்வான்ஸ் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னாய். பக்கத்தில் பெரிய வெறுங்காணி, ஜன்னலைத் திறந்தால் மரமும் காற்றும், அதற்காகவே கொஞ்சம் கூடுதல் விலை என்றும் சொன்னாய். பிறகு, "அம்மா, வீடு வாங்குறப்ப முக்கியமா எதைப் பாக்கணும்?" என்று கேட்டாய். அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருந்தது. "தண்ணி வருதான்னு பாரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அப்பா சிரித்தார். "இவ்வளவு பட்ட பொறகு புள்ளைக்குச் சொல்ல ஒனக்கு அம்புட்டுத்தான் கெடச்சிச்சா?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். வீட்டைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் தெரிந்துகொண்டது அதைவிடக் கொஞ்சம் அதிகம். அதில் பாதி உன் கண் முன்னால்தான் நடந்தது; ஆனால் அப்போது உன் கண் கிரிக்கெட் பந்தின் மேல் இருந்தது. அதனால் ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன். நீ தனியாகப் படிக்காதே. நிர்மலாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. குடியிருக்கப் போவது அவளும்தான்.

நானும் அப்பாவும் பிறந்தது அக்கரபத்தனைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின் கீழ் நீளும் ஒற்றை அறை வீடுகளின் வரிசையில். நான் பிறந்த வீட்டை நீ பார்த்திருக்கிறாய். இப்போது அங்கே உன் செல்வம் மாமா இருக்கிறார். தன் காம்பராவுக்கு நீலப் பெயிண்ட் அடித்து, தரைக்கு டைல்ஸ் பதித்து, வாசலில் ரோஜா வைத்திருக்கிறார். அந்த வரிசையிலேயே கண்ணுக்கு அழகான வீடு அதுதான். ஆனால் பின்பக்கம் சமைக்க ஒரு குசினி இறக்க வேண்டுமென்றால் அவர் தோட்டத்து ஆபிசுக்குப் போய் மனேஜர் தொரையைக் கேட்க வேண்டும். விற்க நினைத்தால் விற்க முடியாது, ஏனென்றால் காணி அவர் பெயரில் இல்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "மாமா வூடு நம்ம வூட்ட விட அழகா இருக்கே, அப்ப அதுதானே வெல கூட?" என்று கேட்டாய். அன்றைக்கு உன் வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். இன்றைக்குச் சொல்கிறேன். வீட்டின் விலை பெயிண்டிலும் டைல்ஸிலும் கொஞ்சம்தான் இருக்கிறது. மீதி முழுவதும், அந்த மண்ணில் உனக்கு என்ன செய்ய அனுமதி உண்டு என்பதில் இருக்கிறது. மாமாவும் அது தெரிந்துதான் தனி வீட்டுக்கும் காணி உறுதிப் பத்திரத்துக்கும் கேட்டு எழுதிக்கொண்டே இருக்கிறார். கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் ரோஜாவைத் தொட்டியில்தான் வைத்திருக்கிறார், தூக்கிக்கொண்டு போக வசதியாக.

உன் அப்பா கொழுந்து லொறி ஓட்டிய காலத்திலிருந்தே அவருக்கு ஒரே ஆசைதான்: யாரையும் கேட்காமல் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டும். அதற்காகவே தோட்டத்தை விட்டு வந்து அவர் வாடகை வேன் ஓட்ட, நான் தைக்க, இரண்டு பேருமாகச் சேர்த்து ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் பக்கம் இந்தக் காணியை வாங்கினோம். உறுதி கைக்கு வந்த அன்று புல்லுக்கு நடுவில் நின்று கைகளை விரித்து, "இங்க நான் எவனையும் கேக்க வேண்டியதில்ல, புள்ள" என்றார். அந்தப் பெருமை அத்திவாரம் வெட்டும் வரை நீடித்தது. மேசன் கயிறு பிடித்துக்கொண்டிருந்தபோது நகர சபையிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அளவு நாடாவை ரோட்டிலிருந்து இழுத்துப் பார்த்துவிட்டு, முன்சுவரை இன்னும் உள்ளே தள்ளச் சொன்னார். அப்பா உறுதியை எடுத்துக் காட்டினார். "மாத்தயா, இது என் காணி." அந்த மனுஷன் கோபப்படவே இல்லை. சிங்களத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "காணி உங்களுடையது ஐயா. ரோடு எல்லாருடையதும். நாளைக்கு ரோட்டை அகலமாக்கினால் பஸ் உங்கள் முன் அறைக்குள் வந்து நிற்கும். தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பீர்களா?" அப்பா முணுமுணுத்துக்கொண்டே கயிற்றைப் பின்னால் நகர்த்தினார். நீ பந்தடித்து என் ஜன்னல் கண்ணாடியை உடைத்த முற்றம் அப்படிக் கிடைத்ததுதான். சில வருஷம் கழித்து ரோட்டை உண்மையிலேயே அகலமாக்கினார்கள். எங்களுக்கு வேலி மட்டும்தான் போனது.

அப்புறம்தான் அந்த வரைபடம் வந்தது. நீ பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த சமயம். நகரத்துக்கு அபிவிருத்தித் திட்டம் போடுகிறார்கள், எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று வலயம் பிரித்திருக்கிறார்கள், சபை மண்டபத்தில் வரைபடத்தை ஒட்டியிருக்கிறார்கள், ஆட்சேபனை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். அப்பா வேனை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "நம்ம ரோட்டுக்கு அந்தப் பக்கம் செவப்பு. இந்தப் பக்கம் மஞ்ச" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "செவப்புன்னா கடை, ஹோட்டல், மாடி, என்ன வேணும்னாலும் கட்டலாம். மஞ்சன்னா வூடு. வெறும் வூடு. ரெண்டு மாடிக்கு மேல ஏறக் கூடாது, கடை போடக் கூடாது. நடுவுல ரோடு இருக்கு. அங்கிட்டு தங்கம், இங்கிட்டு தகரம்."

அவருக்கு ஏன் அத்தனை வருத்தம் என்று உனக்குத் தெரியுமா? கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அவர் ஒரு மூன்று மாடிக் கட்டடம் வரைந்து வைத்திருந்தார். கீழே எனக்குத் தையல் கடை, உனக்குக் கம்ப்யூட்டர் கடை, நடுவில் வாடகைக்கு, மேலே நாங்கள். வருஷா வருஷம் கலண்டர் மாறும், கட்டடம் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயரும். அதற்கு மேல் ஒரு மஞ்சள் வர்ணம் வந்து உட்கார்ந்துவிட்டது. எதிர் வீட்டு ரவூப் நானாவுக்கோ ஒன்றும் செய்யாமலே சிவப்பு கிடைத்துவிட்டது. பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ரவூப் நானாவையும் அவர் மனைவி மர்லியா அக்காவையும் நீ மறந்திருக்க மாட்டாய். பெருநாளைக்கு அவர்கள் வட்டிலப்பம் அனுப்ப, தீபாவளிக்கு நாங்கள் முறுக்கு அனுப்ப, இருபது அடி ரோட்டைத் தாண்டித் தட்டுகள் போய் வந்த வீடு. அந்த வாரம் புரோக்கர்கள் அவர் கேட்டில் வரிசையாக நின்றதைப் பார்த்து எனக்கும் வயிறு எரிந்தது. மறைக்கவில்லை. ஒரே மண், ஒரே மழை, ஒரே ரோடு. வித்தியாசம் எல்லாம் ஒரு பெயிண்ட் டப்பாவில் இருந்தது.

அப்பா எங்கள் பக்கத்து வீடுகளிலெல்லாம் ஏறி இறங்கிக் கையெழுத்துக் கேட்டார். வரிசையின் கடைசிக் காணிக்காரர் உடனே போட்டார். அவர் கண்டியில் மகளோடு போய் இருக்க விற்றுவிட்டுப் போகத் துடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட வாத்தியார் தேவராஜ் மாஸ்டர் போட மறுத்துவிட்டார். "கடை வந்தா என் புள்ளைங்க எங்கங்க படிக்கும்? லொறிச் சத்தத்துலயா?" என்றார். "மாஸ்டர், வெல ஏறுமே!" என்றார் அப்பா. "விக்கிறவனுக்குத்தான் வெல. நான் இருக்கப் போறேனே" என்றார் மாஸ்டர். இரண்டு பேரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று கத்தினார்கள். பிறகு மாஸ்டருடைய மனைவியும் நானும் வேலி வழியாகக் கருவேப்பிலை மாற்றிக்கொண்டோம். சண்டை அவர்களோடு நின்றது.

சபை மண்டபத்தில் கூட்டம் நடந்த அன்று நானும் போனேன். திட்டமிடல் அதிகாரி ஓர் இளம் சிங்களப் பெண். நிறுத்தி நிறுத்தி, ஆனால் தெளிவாகத் தமிழ் பேசினார். அப்பா எழுந்து நின்று, ஒரே ரோட்டுக்கு இரண்டு நியாயமா என்று முழங்கினார். அவர் முடிக்கும்வரை அந்த மிஸ் பொறுமையாகக் கேட்டார். பிறகு வரைபடத்தின் மேல் விரலை வைத்துச் சொன்னார். எதிர்ப்பக்கம் சமதரை, பின்னால் ஒழுங்கைப் பாதை இருக்கிறது, லொறி உள்ளே வந்து திரும்பலாம். எங்கள் பக்கம் வீட்டுக்குப் பின்னாலேயே மலை ஏறுகிறது. உயரமாகக் கட்டினால் மலையை வெட்ட வேண்டும், வெட்டினால் மழைக்கு மண் இறங்கும். அதனால் எங்கள் பக்கத்துக்குச் சின்ன வீடுகளும், அதற்கு மேலே மரங்களும். அப்பா விடவில்லை. "சரி மிஸ், உங்க வூட்டு முன்னுக்கு ஒரு ஹோட்டல் வந்தா வெல ஏறுமா, ஏறாதா?" அந்த மிஸ் சிரிக்காமல் சொன்னார்: "காணிக்கு ஏறும் ஐயா. வீட்டுக்கு என்ன ஆகும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்." மண்டபமே சிரித்தது. அப்பாவும் சிரித்துவிட்டார், தோற்றுக்கொண்டிருக்கும்போதும் நல்ல பதிலை ரசிக்கிற குணம் அவருக்கு உண்டு.

அவர் உட்கார்ந்ததும் நான் எழுந்தேன். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். "மிஸ், எனக்கு மூணு மாடி வேணாங்க. முன் காம்பராவுல மிஷின் போட்டுத் தைக்கிறேன். இந்த மஞ்ச வந்தா அதையும் நிப்பாட்டிருவீங்களா?" என்று கேட்டேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். வீட்டில் இருப்பவரே வீட்டுக்குள் செய்கிற சின்னத் தொழில், தையல், டியூஷன், மருந்து கொடுப்பது மாதிரி, பக்கத்து வீட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் நடத்தலாம். பெரிய போர்டு மட்டும் வைக்கக் கூடாது என்றார். வரைவில் அது தெளிவாக எழுதப்பட்டிருக்கவில்லை என்றும், நான் கேட்டதால் தெளிவாகச் சேர்ப்பதாகவும் சொன்னார். அப்பாவின் ஆட்சேபனை நிராகரிக்கப்பட்டது. என் கேள்வி ஒரு வரியாக உள்ளே போனது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அப்பா, "என் பொண்டாட்டி சட்டம் போட்டுட்டா, சட்டம் போட்டுட்டா" என்று கண்டக்டரிடம்கூடச் சொல்லிக்கொண்டு வந்தார்.

எதிர்ப்பக்கம் மளமளவென்று மாறியது. ரவூப் நானாவின் வீட்டுக்கு ஒரு பக்கம் ஹோட்டல் எழும்பியது. மறுபக்கம் டயர்க் கடை வந்தது. அவர் காணியின் விலை ஏறிக்கொண்டே போனது. எல்லாரும் அவரை அதிர்ஷ்டக்காரர் என்றார்கள். ஆனால் மர்லியா அக்காவின் துணிக்கொடிக்கு வெயில் வருவது நின்றுவிட்டது. ஹோட்டலில் கல்யாணம் நடக்காத வாரமே இல்லை, பேண்ட் சத்தத்துக்கு ஜன்னல் அதிர்ந்தது. கடை நடத்தாத வீட்டுக்கே, சபைக்குக் கட்டும் சோலை வரி கடைக்காரர்களுக்கு ஏறுகிற மாதிரி ஏறியது. ஒருநாள் மத்தியானம் வாசலில் மர்லியா அக்கா நின்றார். கக்கத்தில் ஒரு தலையணை. "தங்கச்சி, கோவிச்சிக்காதீங்க. அங்க கண் மூட ஏலாது. உங்க உள் ரூமுல ஒரு மணித்தியாலம் படுத்துக்கட்டுமா?" என்றார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நான் மிஷினை மிதிப்பேன், அவர் உள்ளே குறட்டை விடுவார். அந்தச் சத்தத்துக்கு இந்தச் சத்தம் தாலாட்டு என்பார்.

ஒரு சாயங்காலம் ரவூப் நானாவே வந்தார், வட்டிலப்பத்தோடு. பெருநாளும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நானா தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் சுத்தி வளைக்க மாட்டேன். என் வூட்டையும் காணியையும் நீங்க எடுத்துக்கோங்க. உங்க வூட்ட எனக்குத் தாங்க. கூட கொறையக் கேக்க மாட்டேன். மர்லியா தூங்கணும், எனக்கு அது போதும்."

நீ உள்ளேயிருந்து ஓடி வந்தது உனக்கு நினைவிருக்கிறதா? "அப்பா, சரின்னு சொல்லுங்க!" என்று நீ காதுக்குள் சொன்னது தெருவுக்கே கேட்டது. ஊர் முழுக்க எந்த மடையனும் சரி என்று சொல்லியிருப்பான். அந்தக் காணியை வைத்து அப்பா கலண்டரில் வரைந்ததைக் கட்டலாம், அல்லது மறுநாளே விற்று இந்த மாதிரி வீடுகள் பல வாங்கலாம். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு காலம் கேட்டுக் கிடைக்காதது, கேட்காமல் வந்து முன்னால் நிற்கிறது. ஆனால் அவர் சரி என்று சொல்லவில்லை. "நானா, நாளைக்கு நீங்க மனசு மாறி வருத்தப்பட்டா?" என்றார். "நான் வருத்தப்பட மாட்டேன்." "அப்ப நான் வருத்தப்பட்டா?" நான்தான் வாயைத் திறந்தேன். "சட்டை தச்சாலே போட்டுப் பாத்துத்தானே வாங்குறோம். வூட்டையும் போட்டுப் பாத்தா என்ன? ஒரு வாரத்துக்கு நீங்க இங்க வாங்க, நாங்க அங்க வர்றோம்."

அப்படித்தான் அந்த வேடிக்கை நடந்தது. பாயும் தலையணையும் சட்டிபானையுமாக இரண்டு குடும்பமும் ரோட்டுக்கு நடுவில் ஒருவரையொருவர் கடந்தோம். பஸ் டிரைவர் ஹோர்ன் அடித்து, எல்லாரும் ஒரேயடியாக வீடு மாறுகிறீர்களா என்று கேட்டான். ரவூப் நானாவின் வீடு பெரியது, நல்ல வீடு. முதல் நாள் நான் கூடத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மாலையில் பேண்ட் ஆரம்பித்தது. நாங்கள் ஒருவரோடொருவர் கத்திக்கொண்டுதான் சாப்பிட்டோம். அதிகாலையில் டயர்க் கடைக்காரன் காற்றடிக்கும் மிஷினைப் போட்டபோது அப்பா கட்டிலிலிருந்து குதித்து, "லொறி உருளுது!" என்று கத்தினார். தைக்க வருகிறவர்கள் வேன்களுக்கு நடுவில் புகுந்து வரப் பயந்து எங்கள் பழைய வாசலுக்கே போனார்கள். மர்லியா அக்கா அங்கிருந்து அளவெடுத்து, ரோட்டைத் தாண்டி என்னிடம் கொண்டு வந்து கொடுத்தார். அவர் எடுத்த அளவில் நான் தைத்த ரவிக்கைகளைத் திரும்பவும் பிரிக்க வேண்டியிருந்தது வேறு கதை. எல்லாருக்கும் முன்னால் ஓடியது நீதான். படிக்க முடியவில்லை என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்குப் போனாய். உன் கட்டிலில் ரவூப் நானா வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து படித்தாய்.

உன் அப்பா மட்டும் அந்த வாரம் முழுவதும் ரவூப் நானாவின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் சத்தத்தை அளக்கிறார் என்று நினைத்தேன். அவரோ ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோட்டலிலிருந்து வெளியே வருகிற சுற்றுலாக்காரர்கள் நல்ல தேயிலை எங்கே வாங்கலாம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு பஜாரை நோக்கி நடந்தார்கள். வாரக் கடைசியில் ரவூப் நானாவைக் கூப்பிட்டு அவர் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். "நானா, இது கடைக்கு அருமையான எடம். குடியிருக்க ஆகாது. என் வூடு குடியிருக்க அருமையான எடம். கடைக்கு ஆகாது. அந்த மிஸ் சொன்னது எனக்கு இப்பத்தான் வெளங்குது. நாம வூட்ட மாத்த வேணாம். எங்க வரிசையில கடைசிக் காணி விக்கக் கெடக்கு. அத நீங்க வாங்கி ஒரு வூடு கட்டுங்க. இந்த வூட்டக் கடையாக்கி வாடகைக்கு விடுங்க. முன்பக்கத்துல ஒரு மூலை எனக்கு வாடகைக்குத் தாங்க." ரவூப் நானா கிட்டே வந்தார். "தம்பி, ஒரு வாரம் கதிரையில உக்காந்து இதையா யோசிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மீதி உனக்குத் தெரியும். கடைசிக் காணிக்காரர் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தார். ரவூப் நானா எங்கள் வரிசையில் இரண்டு மாடி வீடு கட்டினார். மர்லியா அக்கா இப்போது தன் சொந்தக் கட்டிலிலேயே தூங்குகிறார். அப்பா எதிர்ப்பக்கத்து மூலையில் தேயிலைப் பாக்கெட் கடை வைத்து, திம்புள்ளத் தேயிலையின் வாசத்தை வெள்ளைக்காரர்களுக்குக் கையை ஆட்டி ஆட்டி விளக்குகிறார். மத்தியானம் ரோட்டைத் தாண்டி வந்து சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போடுகிறார். இதில் எனக்கே ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. எங்கள் பக்கமும் விலை ஏறிவிட்டது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள், பாங்கில் வேலை செய்கிறவர்கள், எல்லாரும் சத்தமில்லாத வீடு தேடி வருகிறார்கள். எதிரில் எத்தனை கடை வருகிறதோ அத்தனைக்கு எங்கள் அமைதிக்குக் கிராக்கி. போன மாதம் ஒரு புரோக்கர் என்னிடமே வந்து, "இந்தப் பக்கத்துல யாராவது விக்கிறாங்களாம்மா?" என்று கேட்டான். அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

இப்போது உன் வத்தளை வீட்டுக்கு வருகிறேன். நீ கூடுதல் விலை கொடுப்பது அந்த வெறுங்காணிக்காக என்றாய். தம்பி, அந்தக் காணி உன்னுடையது இல்லை. அதன் மரமும் காற்றும் உனக்கு யாரோ தற்காலிகமாகக் கடன் கொடுத்தவை. நாளைக்கே சபைக்குப் போ, வேலைக்கு லீவு போட்டாவது போ. உன் வீடு என்ன வலயம் என்று கேட்பதற்கு முன்னால் அந்த வெறுங்காணி என்ன வலயம் என்று கேள். பூங்காவுக்கோ வீட்டுக்கோ ஒதுக்கியிருந்தால் சந்தோஷமாக அட்வான்ஸ் கொடு. பத்து மாடிக்கு இடம் இருந்தால், நீ வாங்குவது ஜன்னல் இல்லை, ஒரு சுவர் என்று எண்ணிக்கொண்டு விலையைப் பேசு. புரோக்கரிடம் கேட்காதே, அவன் அந்தக் காணியையும் யாருக்கோ விற்றுக்கொண்டிருப்பான். ரோட்டுக்கென்று ஒதுக்கிய வீதிக்கோடு எங்கே ஓடுகிறது என்று கேள், முன் அறை உன்னுடையதா பஸ்ஸுடையதா என்று தெரிந்துவிடும். இன்னொன்று. நிர்மலா பிள்ளைகளுக்கு வீட்டில் வயலின் சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிறாள் என்றாயே. அதை அங்கே அனுமதிக்கிறார்களா, வீட்டு உரிமையாளர் சங்கம் என்று ஒன்று இருந்தால் அது என்ன விதி வைத்திருக்கிறது என்று அவளையே கேட்கச் சொல். நீ அவளுக்காகக் கேட்காதே. நான் எழுந்து நின்ற மாதிரி அவளும் எழுந்து நிற்கட்டும். கேட்டு வாங்கியது கையில் நிற்கும். இதெல்லாம் ஆன பிறகு, பொழுது சாயும் நேரத்தில் அந்த வாசலில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்து பார்.

இந்த விதிகளையெல்லாம் விலங்கு மாதிரி நினைத்தவர்கள்தான் நாங்களும். தோட்டத்தில் எதற்கெடுத்தாலும் ஒருவரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, சபையைக் கேள் என்றாலும் தொரையைக் கேள் என்றுதான் காதில் விழும். ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. தொரையின் ஆபிசில் வரைபடத்தை ஒட்டிவைத்து, உனக்கு இதில் ஆட்சேபனை உண்டா என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. இங்கே கேட்கிறார்கள். எல்லா நேரமும் நாம் சொன்னது நடப்பதில்லை, நடக்காதபோது கோபமும் வரும். ஆனாலும் கேட்கும்போது போய் நிற்க வேண்டும். நிற்காதவர்களுக்காக வேறு யாரோ வர்ணம் பூசிவிடுவார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா சபையிலிருந்து வந்தார், ரவூப் நானாவும் கூடவே. திட்டத்தைத் திருத்துகிறார்களாம், புது வரைபடம் ஒட்டியிருக்கிறார்களாம். எங்கள் வரிசையில் மலை ஆரம்பிக்காத முன்பகுதியைக் கலப்பு வலயமாக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். அதாவது கீழே கடை, மேலே வீடு, மூன்று மாடி. அப்பா படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "கேட்டப்ப இல்லன்னாங்க. இப்ப வேணாங்குறப்ப தர்றாங்க, புள்ள!" அவர் ஆட்சேபனை எழுதப் போகிறார். ரவூப் நானாவும் எழுதுகிறார். தேவராஜ் மாஸ்டருக்கோ பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், ஓய்வும் பெற்றுவிட்டார். கீழே டியூஷன் வகுப்புக் கட்டலாம் என்று அவர் ஆதரவு எழுதுகிறார். வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள், இந்தத் தடவை கட்சி மட்டும் மாறியிருக்கிறது. நான் இன்னும் முடிவு செய்யவில்லை. என்னிடம் தையலுக்குப் பிள்ளைகள் சிலர் சேர்ந்துவிட்டார்கள், ஒரு சின்ன போர்டு வைத்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று ஒரு மனசு சொல்கிறது.

கூட்டம் வருகிற மாதம். இந்த வீடு எங்களுக்குப் பிறகு உனக்கும் நிர்மலாவுக்கும்தான். அதனால் நீங்கள் இரண்டு பேரும் வர வேண்டும் என்று அப்பா சொல்லச் சொன்னார். அவர் பேசுவதற்குத் தலையாட்ட வரச் சொல்லவில்லை. உனக்கு வேறு மாதிரித் தோன்றினால் அங்கேயே எழுந்து அவருக்கு எதிராகப் பேசு, அவர் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். முதல் நாளே வந்துவிடுங்கள். காலையில் ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்து வைக்கிறேன். மாஸ்டர் வீட்டையும் நானா வீட்டையும் கூப்பிட்டிருக்கிறேன். எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டு, ஒரே வேனில் போவோம். யார் யாருக்கு எதிர் என்பதை மண்டபத்துக்குள் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா